புள்ளடியாரின் முகவரிப் பெட்டி

இந்த நாட்டில் ஒன்லைனில் ஒரு விண்ணப்பத்தையாவது நிரப்பியவர்களில் பாதிப் பேர் புள்ளடியாரைத் திட்டியிருப்பார்கள். யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டியிருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு ஆளைத் தெரியும். பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது தொழில். நிஹால் மாத்தையா முதலாளி. என் வேலை போன் எடுப்பதும், செய்து முடித்ததையெல்லாம் அழுத்தி அழுத்திப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வதும். புள்ளடியார் புரோகிராமர். அடையாள அட்டையில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அது எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வருவார். கண்டக்டரோடு அவர் பேசும் சிங்களத்தைக் கேட்டால் இந்த மனிதருக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் நம்பமாட்டார்கள். வந்ததும் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எதையாவது மாற்றி வரையத் தொடங்கிவிடுவார்.

கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பயன்படுத்திய ஃப்ரேம்வேர்க்கில், படிவத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் தனி ஆள் மாதிரி. பெயர் எழுதும் பெட்டி ஓர் ஆள், திகதி ஓர் ஆள், சம்மதம் கேட்கும் சின்னச் சதுரம் ஓர் ஆள். கொம்போனன்ட் என்போம். திரையில் தன்னை எப்படி வரைந்து காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தெரியும். அது வரைவது பிடிக்காவிட்டால், அதிலிருந்து ஒரு பிள்ளையை உண்டாக்கலாம். பிள்ளை மற்ற எல்லாவற்றையும் தகப்பனிடமிருந்து எடுத்துக்கொள்ளும், வரைவதை மட்டும் நாம் சொல்கிறபடி வரையும். ஊரில் மற்ற புரோகிராமர்கள் எப்போதாவது அவசியப்பட்டால் செய்கிற இந்தக் காரியத்தை, புள்ளடியார் தினமும் பத்து மணி டீக்கு முன்னால் செய்து முடித்துவிடுவார்.

"ஏன் அண்ண, அதுபாட்டுக்கு ஒழுங்காத்தானே வரையுது. அப்படியே விட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தங்கச்சி, எங்க தாத்தா ரப்பர் பால் வெட்டுனாரு. எங்கப்பாவும் பால் வெட்டுனாரு. நானும் அப்படியே மரத்தடியில நின்னிருந்தா, ஒங்களுக்கு இங்க யாரு டீ வாங்கித் தருவா?"

இதற்கு மேல் என்ன வாதாடுவது. டீயை உண்மையிலேயே அவர்தான் வாங்கித் தருவார்.

அவருக்கு முதலில் ஆகாமல் போனது சிவப்பு நிறம். ஏதாவது பெட்டியை நிரப்பாமல் விட்டால் அந்தத் தகப்பன் கொம்போனன்ட் சிவப்புக் கோடு போட்டு, 'தவறான உள்ளீடு' என்று காட்டும். "கங்காணி ஏசுற மாதிரியில்ல இருக்கு" என்றார். மறுநாள் பார்த்தால் சிவப்பைக் காணோம். 'பேர மறந்துட்டீங்க போலருக்கு. மெதுவா எழுதுங்க' என்று இளம்பச்சையில் ஒரு வரி. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'அனுப்பு' என்ற பொத்தானும் அதிகாரம் பண்ணுவதாக அவருக்குப் பட்டது. அதை 'அனுப்பிருவமா?' என்று மாற்றினார்.

ஒரு பாலர் பாடசாலையின் அனுமதிப் படிவம் அது. உதவிக்கு என்று எங்கள் நம்பரைப் படிவத்தின் அடியில் போட்டிருந்ததால், அன்றைக்குக் காலையிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. தாய்மார் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுகிறார்கள்.

"மிஸ், எல்லாம் நெரப்பிட்டேங்க. அனுப்பிருவமான்னு கேக்குது. என்ன சொல்லட்டுங்க?"

"அத அமத்துங்கம்மா, போயிரும்."

"இல்லீங்க மிஸ், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு. அவரு வரட்டும், கேட்டுட்டு அனுப்புறேனே."

அந்த வருடம் அந்தப் பாலர் பாடசாலைக்கு விண்ணப்பங்கள் எல்லாம் அப்பாமார் வேலை விட்டு வந்த பிறகுதான் வந்து சேர்ந்தன.

அடுத்தது மாவட்டப் பட்டியல். ஒரு சேலைக் கடைக்கு ஒன்லைன் விற்பனைத் தளம் செய்தோம். விலாசத்தில் மாவட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பட்டியலில் கேகாலை எங்கேயோ நடுவில் கிடப்பது புள்ளடியாருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம ஊர்ல குந்தியிருந்து செஞ்சிட்டு, நம்ம ஊரத் தேடிப் புடிக்கணுமா?" என்று கேகாலையைத் தூக்கி முதலாவதாக வைத்தார். வைத்தவர், ஆள் தெரிவு செய்யாவிட்டால் அதுவே நிற்கும்படியும் செய்துவிட்டார்.

நம் சனங்கள் எழுதுகிற பெட்டியை நிரப்புவார்கள், ஏற்கெனவே நிரம்பியிருப்பதைத் தொடமாட்டார்கள். மாத்தறையில் கேட்ட சேலை கேகாலைக்கு வந்தது. மன்னாரில் கேட்ட சேலை கேகாலைக்கு வந்தது. பாதி நாடு கேகாலைக்குக் குடிவந்துவிட்டது. சேலைக் கடைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றார். நிஹால் மாத்தையா புள்ளடியாரின் பக்கம் திரும்பி, "மே மொகத?" என்றார். இது என்ன என்று அர்த்தம். மாத்தையா சிங்களத்துக்கு மாறினால் கோபம் என்றும் அர்த்தம்.

"நல்ல ஊருதானே சேர். வரட்டுமே," என்றார் நம்மவர்.

மூன்றாவது சம்பவத்தில்தான் பெயர் கிடைத்தது. பஜாரில் ஒரு மரண உதவிச் சங்கம். அங்கத்தவர்கள் வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 'தொடர்ந்து அங்கத்தவராக இருக்க விரும்புகிறேன்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சதுரம். அழுத்தினால் சரி அடையாளம் விழ வேண்டும். புள்ளடியார் யோசித்தார். நம் சனம் ஆயுளில் எந்தச் சதுரத்துக்குள் அடையாளம் போட்டிருக்கிறது? வாக்குச் சீட்டில். அங்கே என்ன போடுகிறோம்? புள்ளடி, இரண்டு கோடு குறுக்கே போட்ட பெருக்கல் குறி. ஆகவே சதுரத்தை அழுத்தினால் அழகான ஒரு புள்ளடி விழும்படி வரைந்தார்.

சனங்கள் அழுத்தினார்கள். புள்ளடி விழுந்தது. ஐயோ, பிழை என்று காட்டுகிறதே என்று மறுபடி அழுத்தி அதை எடுத்தார்கள். நிம்மதியாக அனுப்பினார்கள். சங்கத்தில் பெரும்பாலானோர் விலகிவிட்டார்கள். தலைவரே விலகிவிட்டார்.

தலைவர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெரிய மனிதர். மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எப்ப தம்பி சங்கத்த விட்டு வெலகுனேன்?"

"ஐயா, எலக்சன்ல புடிச்ச ஆளுக்கு என்ன போடுவீங்க? புள்ளடிதானே?"

"ஆமா."

"அதத்தான் நான் வரைஞ்சிருக்கேன்."

"சரி தம்பி. பள்ளிக்கூடத்துல எம்மவன் செஞ்ச கணக்குக்கு டீச்சர் புள்ளடி போட்டா, அது புடிச்சுப் போட்டதா?"

அலுவலகமே சிரித்தது. புள்ளடியாரும் சிரித்தார், ஆனால் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் புள்ளடி, எனக்கு மட்டும் மரியாதையாகப் புள்ளடியார்.

இந்த மனிதர் ஒன்றே ஒன்றில் விளையாடவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

தாதியர் பயிற்சி கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. அதில் முகவரி கேட்கும் கொம்போனன்ட் எல்லா இடத்திலும் இருப்பதுதான். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், நகரம். மூன்றும் கட்டாயம். புள்ளடியார் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். டீக்குக்கூடப் போகவில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்து வரிசை வீடுகளில் வீதி ஏது? இருப்பது ஒற்றை அறைக் காம்பரா. தோட்டம் முழுவதற்கும் ஒரே விலாசம். கடிதமெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய் விழும். அங்கே ஒரே பெயரில் மேல் டிவிசனில் ஒருத்தி, கீழ் டிவிசனில் ஒருத்தி. யாருடையது யாருக்குப் போகும் என்பது கிளாக்கர் ஐயாவின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நான் ரம்புக்கனைப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவள். எங்களுக்குக் கையில் கிடைத்த கடிதமெல்லாம் பஜாரில் ஒரு தேங்காய்க் கடை வழியாகத்தான் கிடைத்தது. கடைக்காரருக்கு எங்கள் அம்மாவைத் தெரியும், அவ்வளவுதான்.

புள்ளடியார் அந்த முகவரிக் கொம்போனன்டுக்கு ஒரு பிள்ளையை உண்டாக்கினார். 'தோட்டம்' என்று ஒன்றை அழுத்தினால் வீதிப் பெட்டி சத்தமில்லாமல் மறைந்துவிடும். அந்த இடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம், யாருடைய மகள் என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு பெட்டி. அதன் மேல் இப்படி எழுதியிருந்தது: 'எந்தக் கடையில் கொடுத்தால் கையில் சேரும்?'

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு என் வேலையைச் செய்தேன். அழுத்தினேன், எண்ணுக்குப் பதில் எழுத்துப் போட்டேன், எழுத்துக்குப் பதில் எண் போட்டேன், பாதியில் மூடித் திறந்தேன். உடையவில்லை. பரிசோதனைக்கு அவர் எப்போதும் ஒரே பெயரைத்தான் போட்டு வைத்திருப்பார். சுகந்தி.

"யாரண்ண இந்த சுகந்தி?"

"எங்கக்கா மக. ஏ லெவல் படிக்குது. நர்சாகப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. வர்ற வருசம் இதுலதான் போடப்போகுது."

அந்த வருடம் தோட்டப் பக்கத்து விண்ணப்பங்கள் ஒன்றும் வீணாகவில்லை. ஒருநாள் போன் அடித்தது. தெரணியகலைப் பக்கம் ஏதோ ஒரு பஜாரிலிருந்து ஒரு கடைக்காரர். "தங்கச்சி, ஒரு புள்ளைக்கு எங் கடை பேரப் போட்டு லெட்டர் வந்துச்சு. கையிலயே குடுத்துட்டேன். ஃபோர்ம்ல இருந்த நம்பர்னு ஒங்க நம்பர அதுதான் தந்துச்சு. யாருக்குச் சொல்லணும்னு தெரியல, அதான் ஒங்களுக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். புள்ளடியாரிடம் சொன்னேன். அன்றைக்கு டீயோடு வடையும் வந்தது. தோட்டத்திலும் சொல்லிக்கொண்டாராம். நம்ம புள்ளைகளுக்குன்னு நான் செஞ்ச ஃபோர்ம் என்று அக்கா வீட்டில் பெருமையடித்தாராம்.

பிறகு ஃப்ரேம்வேர்க்கின் புதிய பதிப்பு வந்தது. பழைய முறையில் வரைந்த எதுவும் புதியதில் ஓடாது. புள்ளடியாரின் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் திரும்ப எழுத வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் தகப்பன் தன் பாட்டில் பழையபடி வரையும். நிஹால் மாத்தையா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒக்கொம அயின் கரன்ன," என்றார். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

"எடுத்துருவோம் சேர். பச்ச எழுத்து, பொத்தான், மாவட்டம், புள்ளடி, எல்லாத்தையும் நானே தூக்கிர்றேன். முகவரிய மட்டும் விடுங்க. அத நான் லீவு நாள்ல வந்து எழுதித் தர்றேன்."

"ஏன் அது மட்டும்?"

"அது இல்லாட்டி லயத்துப் புள்ளைகளுக்கு லெட்டர் போகாது சேர்."

நிஹால் மாத்தையா கெட்டவர் இல்லை. அவரைத் தேடி மாடியேறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத்தான் தெரியும். களைத்துப்போன குரலில், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "புள்ளடி, கேகாலய மேல போட்டப்பவும் நீங்க இந்த மூஞ்சிலதான் சொன்னது. புள்ளடி போட்டப்பவும் இதே மூஞ்சி. நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

நானும் சொல்லிப் பார்த்தேன். டீ வாங்கித் தருகிறவருக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். புள்ளடியார் மேசைக்குத் திரும்பினார். தன் பிள்ளைகளைத் தானே ஒவ்வொன்றாக நீக்கினார். வீதிப் பெட்டி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, கட்டாயம் என்ற சிவப்புப் புள்ளியோடு.

வருடம் திரும்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் வீதிப் பெட்டியில் 'இல்லை' என்று எழுதினார்கள். 'கோயிலுக்குக் கீழ' என்று எழுதினார்கள். நேர்முகக் கடிதங்கள் போய், 'முகவரி போதாது' என்று திரும்பி வந்தன. போனில் கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. புள்ளடியார் அங்கேயிருந்த கிளாக்கரிடம் பேசி, திரும்பி வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டார். சனி, ஞாயிறு பஸ் ஏறி, ஒவ்வொரு பஜாராக இறங்கி, கடை கடையாகக் கேட்டு, கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய சப்பாத்து அந்த மாதத்தில்தான் தேய்ந்தது.

திரும்பி வந்த கடிதங்களுக்குள் சுகந்தியின் பெயர் இல்லை. அவள் அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவள் தெரிவாகவில்லை போலிருக்கிறது, அல்லது கடிதம் இனிமேல்தான் வரும் போலிருக்கிறது என்று இவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

பயிற்சி தொடங்கிய பிறகு ஒருநாள், கைக்கடிகாரத்துக்குப் பட்டி மாற்ற ருவான்வெல்லை மெயின் வீதியில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். கலண்டர் மாட்டியிருந்த ஆணியில் ஒரு கடிதம் குத்தியிருந்தது. நிறுவனத்தின் உறை. மேலே சுகந்தியின் பெயர்.

"கவுருத தன்னே நே," என்றாராம் கடிகாரக்காரர். யாரென்று தெரியவில்லை, எங்கள் இலக்கத்தைப் போட்டு வந்திருக்கிறது, யாராவது தேடி வருவார்கள் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாராம்.

சுகந்தி எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடவில்லை. வீட்டு இலக்கத்தில் தங்கள் காம்பராவின் இலக்கத்தைப் போட்டிருக்கிறாள். வீதியின் பெயர் கேட்டதும், தோட்டத்திலிருந்து போகும் பஸ் நிற்கிற வீதி மெயின் வீதிதானே என்று அதைப் போட்டிருக்கிறாள். அந்த இலக்கமும் அந்த வீதியும் சேர்ந்த இடத்தில் உண்மையாகவே ஒரு கடிகாரக் கடை இருந்தது. அதனால் கடிதம் திரும்பி வரவே இல்லை.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாராம் இவர்.

"மாமா செஞ்ச ஃபோர்ம்னு சொன்னீங்களே. மாமா ஒரு பெட்டி வச்சா காரணமாத்தான் வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

தன் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்பதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. பெருமையடித்த வாயால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நான் அந்தப் புள்ளடியில வெளையாடாம இருந்திருந்தா, சேர் முகவரிய விட்டிருப்பாரு தங்கச்சி." எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். நிஹால் மாத்தையா வாசல் வரைக்கும் வந்து, இருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். அவருக்கும் முகம் சரியில்லை.

சுகந்தி இப்போது கேகாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். அடுத்த வருடம் மறுபடி போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "வீட்ல ஒரு வருசம் சும்மா இருக்க முடியாதுக்கா" என்று துணியை மடித்தாள். மாமா எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்காரு. ஆனா என்னயப் பாத்தா மட்டும் டீ வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போயிருவாரு. எனக்கு அவரு மேல ஒரு கோவமும் இல்லக்கா. அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நான் அங்கிருந்து நேராக ருவான்வெல்லைக்குப் பஸ் ஏறினேன்.

மெயின் வீதியில் புள்ளடியாரின் சின்னக் கடை. கொமியுனிகேஷன் என்று போர்டு. ஃபோட்டோ கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பங்கள். சுற்றியிருக்கும் தோட்டங்களில் இருந்து யார் எந்த விண்ணப்பம் போட்டாலும் வீட்டு இலக்கம் அந்தக் கடையின் இலக்கம், வீதி மெயின் வீதி. சுவரில் பலகை அடித்து, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, தோட்டம், டிவிசன், லயம் என்று பெயின்டால் எழுதியிருந்தது. நான் அழுத்தி அழுத்திப் பார்த்த அதே வரிசை.

ஒவ்வொரு அறைக்குக் கீழேயும் ஒரு சதுரம். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அதில் சோக்குக் கட்டியால் ஒரு புள்ளடி போடுகிறார். நான் நிற்கும்போதே ஒரு அம்மா வந்து அதைப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ தம்பி, எங்க லெட்டர் தவறிருச்சுங்களா?"

"இல்லம்மா, ஒங்க மக நேத்தே வாங்கிட்டுப் போயிருச்சு. அதான் புள்ளடி."

திருந்தவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வருசம் முந்தித் தொறந்திருக்கலாம் தங்கச்சி" என்றார்.

"சுகந்திக்கு ஒங்க மேல கோவம் இல்லண்ண. அதுவே சொல்லிச்சு."

அவர் சோக்கைக் கீழே வைத்தார். "இருங்க, டீ வாங்கிட்டு வர்றேன்" என்று வெளியே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். எனக்கு வீட்டு இலக்கம் இருக்கிறது, வீதி இருக்கிறது, எந்தப் படிவமும் என்னைப் பார்த்துச் சிவப்பாவதில்லை. எந்தக் கடையில் கொடுத்தால் கையில் சேரும் என்று எந்தப் படிவமும் கேட்பதும் இல்லை. கேட்டால் எழுதிக் கொடுக்க, ருவான்வெல்லை மெயின் வீதியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது.